பெட்டியில் ஒரு மரத்துண்டு

செந்தூல் கீழ்ப்பக்கம், பழைய ரயில் பட்டறைக்குப் பின்னால்
பதினான்காம் துளை.
பதினேழு மீட்டர் வரை மண்,
ஈயம் கழுவிவிட்டுப் போன மணல்.
அதற்கப்புறம் கல்.
கல் என்றால்
நாற்பது கோடி வருஷத்துக்கு முந்திய
வெதுவெதுப்பான ஒரு கடல்.
தாளில் அதற்கு இடமில்லை.
‘வெளிர்சாம்பல், பளிங்காக மாறியது, உறுதியானது’
என்றுதான் எழுத வேண்டும்.
எழுதினேன்.

இருபத்து மூன்று மீட்டர் நாற்பதில்
கம்பி தானாக இறங்கியது.
சோ மின் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு
என்னைப் பார்த்தான்.
விட்ட தண்ணீர் மேலே திரும்பவில்லை.
ஒரு டாங்கி விட்டோம். இன்னொன்று.
கீழே எதுவோ
குடித்துக்கொண்டே இருந்தது.
இரண்டு மீட்டர் பத்து போய்
டக்கென்று மறுபடி கல்.

கோர்களைப் பெட்டியில் அடுக்கும்போது
கிடைக்காமல் போன நீளத்துக்கு
மரத்துண்டு வைப்பது எங்கள் வழக்கம்.
உடைந்த பலகை ஒன்றை அவன் அறுத்துத் தந்தான்.
மார்க்கரால் எழுதினேன்:
23.40 – 25.50.
துண்டின் நீளம் ஒரு சாண்.

ஆய்வகத்தில் வெய் ஜூனுக்குப் பினாங்கு கிரானைட்.
நுண்ணோக்கியின் தட்டைத் திருப்பத் திருப்ப
குவார்ட்ஸ் அணைகிறது, ஃபெல்ட்ஸ்பார் எரிகிறது,
‘வா, வந்து பாரேன்’ என்று
பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறான்.
எனக்குக் கால்சைட்.
எந்தப் பக்கம் திருப்பினாலும் கால்சைட்.
டாக்டர் நோர்ஹயாத்தி என் முன்வரைவின் ஓரத்தில்
பென்சிலால் ஒரே கேள்வி கேட்டிருந்தார்:
குழிக்குள் காற்றா, தண்ணீரா, சேறா?
மூன்றுக்கும்
அதே மரத்துண்டுதான், டாக்டர்.

உதவித்தொகைப் பாரத்தில்
2017 முதல் 2021 வரை ஒரு கட்டம்.
கிள்ளான் கிடங்கில் டயர் எண்ணினேன்.
லாரி டயர், கார் டயர், ரப்பர் நாற்றம் ஏறிய சோறு.
‘துறை சார்ந்த அனுபவம் மட்டும்’ என்றிருந்தது.
ஒரு கோடு போட்டேன்.
சாண் அளவுகூட வரவில்லை.
அக்கா வீட்டுக்காரர் தவசீலன் எட்டிப் பார்த்து,
‘கல்லுல மாஸ்டர்ஸ் முடிச்சு
கல்லா எடுக்கப் போற?’ என்றார்.
கல் வராத இடத்தைத்தான் மாமா படிக்கிறேன்
என்று சொல்லியிருந்தால்
இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பார்.

நான் வாடகைக்கு இருக்கும் பிளாட்
துளையிலிருந்து நூற்று அறுபது மீட்டர்.
பத்துமலையில் நிமிர்ந்து நிற்கும் அதே கல்
இங்கே படுத்திருக்கிறது,
உடம்பெல்லாம் பொத்தலாக.
கட்டடத்தின் தூண்கள் கல்வரை போயிருக்கும்.
போயிருக்க வேண்டும்.
பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் சுற்றும்போது
தரையில் வெறுங்காலை ஊன்றிக் கேட்பேன்.
அறைத்தோழி பிரமிளாவிடம் இதைச் சொல்லவில்லை.
அரிசி மூட்டையை மட்டும்
விரிசல் இருக்கும் மூலையிலிருந்து நகர்த்தி வைத்தேன்.
‘ஏன்டி?’
‘எலி.’

சனிக்கிழமை மழை.
கோர் கொட்டகைத் தகரம் ஒழுகி
பதினான்காம் பெட்டி நனைந்திருந்தது.
நேற்றோடு சோ மின்னை ரவாங்குக்கு மாற்றிவிட்டார்கள்.
கற்களை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.
ஆசிட் ஒரு சொட்டு விட்டால்
இப்போதும் நுரைக்கின்றன,
அவ்வளவு பழசுக்கு என்ன கோபமோ.
மரத்துண்டை எடுத்தேன்.
என் எண்கள் பாதி கரைந்திருந்தன.
அடிப்பக்கத்தில்
வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து, ஒன்றரை வரி.
அவன் எழுதியதா,
பலகை ஏதோ பெட்டியாக இருந்த காலத்து முகவரியா,
எனக்குத் தெரியாது.
ஒன்றரை வரியையும் படிக்கத் தெரியாது.

பதிவேட்டைப் பிரித்து
23.40க்கு நேரே,
‘குறிப்பு’ என்று எப்போதும் காலியாக விடும் பத்தியில்
அந்த வட்டங்களை
ஒன்று விடாமல் பார்த்து வரைந்தேன்.
எந்த வட்டம் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதில்தான்
ரொம்ப நேரம் ஆனது.