இடது காதுக்குச் சின்னது

போனோடு இலவசமாக வந்த இயர்போன்
காலை பாசஞ்சரில்
பேட்டை தாண்டியதும் தோற்றுவிடும்.
ஜன்னல் ஷட்டர் கடகடக்கும்,
சேரன்மகாதேவியில் காலேஜ் பயல்கள் ஏறுவார்கள்,
நான் கூட்டிக் கூட்டி
பதிமூன்றாம் கோட்டுக்குப் போயிருப்பேன்.
போன் எச்சரிக்கும்:
இந்த ஒலி செவிக்குக் கேடு.

செவிதான் எனக்குச் சோறு.
அம்பாசமுத்திரம் கோர்ட்டில் சுருக்கெழுத்து,
பதினெட்டு வருஷம்.
சாட்சி விழுங்கப் பார்க்கிற கடைசி எழுத்தை
தொண்டைக்குள் இறங்குமுன் பிடித்துவிட வேண்டும்.
கொடுத்தான் என்றானா, கொடுத்தாள் என்றானா,
ஒரு மெய்யெழுத்துக்கு
ஒரு வயலே கை மாறும்.

சம்பளத்துக்கு மறுநாள்
வண்ணார்பேட்டையில் மாடிக்கடை.
கண்ணாடி மேஜைமேல் மூன்று டப்பா.
மைதீன் பாதுஷாவுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்,
மேலப்பாளையம்.

'இது பேஸ் நல்லா கெட்டியா இருக்கும் பாத்துக்கிடுங்க மேடம்.
பயலுவ இதத்தான் கேட்டு வாங்குதானுவ.'

நான் பாட்டு கொண்டுபோகவில்லை.
கல்லிடைக்குறிச்சியில் நாத்தனார் மகள் கல்யாணம்,
தனித்தவில்,
என் போனில் நானே பிடித்தது,
பதினோரு நிமிஷம்.

முதல் டப்பாவில்
தொப்பி மட்டும்தான் தவில்.
குச்சி அடிக்க அடிக்க
மண்டபமே அண்டாவாகிவிட்டது.
வலந்தலை எங்கே என்றேன்.
பாதுஷா டப்பாவைப் புரட்டிப் பார்த்தான்,
அதில் எழுதியிருக்கவில்லை.

இரண்டாவது, படு சுத்தம்.
ஒவ்வொரு விரலும் தனித்தனி.
நாலாவது நிமிஷத்தில்
காய்ந்த எண்ணெயில் கடுகு போட்டதுபோல்
உச்சந்தலை பொரிய ஆரம்பித்தது.
கழற்றி வைத்து
தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

மூன்றாவதில் ஒன்றுமே இல்லை.
தூரத்தில் ஏதோ தெருவில் யாரோ வாசிப்பது மாதிரி.
மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு
இது என்ன தம்பி என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
காதைப் பார்த்தான்.
'இடது பக்கம் காத்து போகுது மேடம்.
சின்ன ரப்பர் போடுங்க.
ரெண்டு காதும் ஒரே அளவுன்னு
எவம் சொன்னான்?'

நாற்பத்தாறு வருஷம்,
கம்மல் போட்டு, பூச்சி போய் வைத்தியம் பார்த்து,
எனக்கே தெரியாத சேதி.
வலதுக்கு நடு, இடதுக்குச் சின்னது.
மெல்லத் திருகி உள்ளே விட்டேன்.

பைபாஸ் ஹாரன் அறுந்தது.
பாதுஷாவின் வாய் அசைந்தது.
தவில் இன்னும் தொடங்கவில்லை,
அதற்கும் முன்னால்
வலது ஓரமாக
ஒரு சின்ன டிக், டிக், டிக்.
வித்வான் விரலில் ஒவ்வொரு கூடாக மாட்டிக்
கட்டைமேல் தட்டிப் பார்க்கிறார்.

அன்று நான் இருந்தது மூன்றாம் வரிசை.
எனக்கு அது கேட்கவே இல்லை.

வயர் இல்லாதது இருக்கே மேடம் என்றான்.
வயர்தான் வேண்டும்.
காதுக்கும் சார்ஜ் போட்டுக்கொண்டு திரிய முடியாது.
போனில் துளை இல்லாததால்
ஒரு சின்ன வால், அது தனி நானூறு.
அடுப்பு மாற்ற எடுத்துவைத்த பணம்.
அடுப்பு எரியத்தான் செய்கிறது,
ஒரு பர்னரில்.

இன்று பாசஞ்சரில் ஐந்தாம் கோடு போதும்.
பயல்கள் ஏறினார்கள், ஊமைப்படமாக.
வீரவநல்லூர் பிளாட்பாரம் சத்தமில்லாமல் வந்து
சத்தமில்லாமல் போனது.
பதினோரு நிமிஷமும் கேட்டேன்,
தீர்மானம் நெருங்கி
மூன்று சுற்றில் இரண்டு சுற்று முடிந்து
மொத்த மண்டபமும் மூச்சைப் பிடித்திருந்த இடத்தில்
பக்கத்தில், மிகப் பக்கத்தில்,
ஒரு பொம்பளை
தெள்ளத் தெளிவாகக் கேட்கிறாள்,
'பந்தில எடம் பிடிச்சாச்சா?'

என் குரல்.
கடைசி எழுத்துகூட விழுங்காமல்.

மூன்றாவது சுற்று அதற்கடியில் போய்விட்டது.
பின்னால் இழுத்து மறுபடி கேட்டேன்.
பிடிச்சாச்சா.
மறுபடி.
கல்லிடைக்குறிச்சி வந்திருந்தது.
எதிர் சீட்டு ஆவுடையம்மாள் ஏதோ கேட்டாள்,
இடது காதை மட்டும் கழற்றினேன்.