ஆறாவது கம்பி

இரண்டு வாரத்துக்கு என்று வாங்கியது.
பதினோரு வருஷம் ஆயிற்று.
நேற்று ஒரே வரியில் செய்தி: நாளை நாலு மணிக்கு
கிடாரை எடுத்துக்கொள்ள வருகிறேன். ஹெல்வி.

துருப்பிடித்த கம்பியோடா திருப்பித் தருவது?
இரவல் வாங்கிய பாத்திரத்தைக்
கழுவாமல் நீட்டுவது போல.

சமையலறை மேசையில் துண்டு விரித்துக் கிடத்தினேன்.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
இரவெல்லாம் கயானிச் சாலைகளில்
பனி தள்ளும் வண்டி ஓட்டிவிட்டு வந்த விரல்கள்
இன்னும் ஸ்டியரிங்கைத்தான் பிடித்திருக்கின்றன.

ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.
ஆறையும் ஒரே மூச்சில் கழற்றினால்
நடுக்கும் கைப்பிடிக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் ஸ்பிரிங்
துள்ளி ஃப்ரிட்ஜுக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும்,
ஒட்டாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் குதிரையும் சரியும்.
முதல் வருஷமே பட்டுத் தெரிந்துகொண்டேன்.
அன்று எங்கள் டிரம்மர் உர்ஹோ டார்ச்சோடு தரையில் படுத்து
ஸ்பிரிங்கைத் தவிர எல்லாம் கண்டெடுத்தான்:
ஒற்றைக் காதணி, மூன்று பட்டாணி,
காலாவதியான மீன்பிடி உரிமம்.

கம்பியின் நுனியில் மிளகளவு பித்தளைக் குண்டு.
உருளையில் துருத்தும் ஆணியில்
குண்டின் துளையை மாட்ட வேண்டும். அவ்வளவுதான்.
மாட்டினேன். கழன்றது.
மாட்டினேன். பிருடையைத் திருக
மறுமுனைக்குப் போவதற்குள் கழன்றது.
இதைச் செய்தவருக்கு மூன்று கை இருந்திருக்கும்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி
உருளைக்கு அடியில் செருகினேன்.
கம்பியைத் தூண்டில் முள்ளாக முன்பே வளைத்தேன்.
பிறகு நின்றது.

சுருதி சேர்ப்பது அடுத்த பாடு.
ஒன்றை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்குகின்றன.
எல்லாக் கம்பிக்கும் ஒரே ஸ்பிரிங்.
ஒருத்தி முறுக்கிக்கொண்டால்
மேடையில் மற்றவர்கள் முகம் தொங்குமே, அப்படி.

சண்டையே இந்தக் கைப்பிடியால்தான்.
ஏரிக்கரை நடனக்கூடம், ஜூலை, இருட்டாத இரவு.
எல்லார் முன்னாலும் சொன்னாள்:
"எல்லாச் சுரத்தையும் நடுக்காதே.
சிலது நின்றபடியே சாகட்டும்."
எங்கள் இசைக்குப் பெயரே இரும்புக்கம்பி.
பாட ஆள் கிடையாது,
கிடார்தான் பாட வேண்டும், மூக்கையும் சிந்த வேண்டும்.
அதைத்தான் சொன்னேன், கொஞ்சம் சத்தமாக.
அவள் ஆம்பை அணைத்தாள்.
கொடுத்த கிடாரைக் கேட்காமலே
காரில் ஏறினாள்.

ஐந்து கம்பிகள் எத்தனையோ தடவை அறுந்தன, மாற்றினேன்.
ஆறாவது, தடித்தது, அறவே இல்லை.
அது ஹெல்வி மாட்டியது.
பிருடையில் அவள் சுற்று: மூன்றே மூன்று,
ஒன்றன்கீழ் ஒன்றாக. நுனியை
இடுக்கியால் உள்ளே மடித்திருக்கிறாள்,
அடுத்து தொடுகிறவர் விரலில் குத்தாமல்.
இத்தனை வருஷம் அது என்னைக் குத்தவில்லை
என்பதைக் கவனித்ததே இல்லை.
என் ஐந்தும் குத்தும். கைக்குட்டைகளைக் கேளுங்கள்.

அவிழ்த்தேன். மேசையில் வைத்த பிறகும்
சுருண்டே கிடந்தது, பிருடை அங்கே இருப்பதாக நினைத்து.
புதிதைப் போட்டேன். மூன்று சுற்று.
இரண்டாம் முயற்சியில் மூன்று.
நுனியை மடித்தேன்.
பிறகு மற்ற ஐந்தின் நுனிகளையும்.

கைப்பிடியைத் தொடாமல் ஒரு சுரம் மீட்டினேன்.
ஃப்ரிட்ஜின் முனகலையும் தாண்டி நின்றது,
நின்றபடியே அடங்கியது.
நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம் கைப்பிடியை அழுத்தினேன்.
இறங்கிப் போய் நடுங்கித் திரும்பி வந்தது,
போன இடத்திலிருந்து ஒரு மயிரிழை கீழே.
புதுக்கம்பி, அப்படித்தான் இருக்கும்.

பெட்டியை மூடி வாசல் கதவருகே வைத்தேன்.
கதவிடுக்கில் குளிர் சீறுகிறது.
விடிவதற்குள் எல்லாம் இளகிவிடும்.
எடுத்துவந்து
கட்டிலில் சுவர்ப்பக்கமாகக் கிடத்தினேன்.
நான் ஓரத்தில்.