மூன்று துண்டுகள்

மட்டக்குளி கிளப்பின் கரம்போர்டில்
மூன்று துண்டு விரிப்பு.
வெளிர்பச்சை நைலோன், அடர்பச்சை நைலோன்,
நனைந்த நாய்போல் மணக்கும் கயிற்றுப் பாய்.

டெரன்ஸ் ஒவ்வொன்றிலும் பந்தை விழுத்திப் பார்த்தான்.
"இது முழங்கால். இது வயிறு. இது பல்லு."
பல்லுதான் அரைவிலை.

கொங்கிரீட்டுக்கே காசு சரி என்றேன், பொருளாளர் அல்லவா.
களனி பெருகினால் பாய்தான் முதலில் போகும்
என்றார் ரிஃபாய்,
போன வெள்ளத்தில் ஸ்கோர்போர்டைக்
கோழிக்கூட்டருகே கண்டெடுத்தவர்.

பகல் பன்னிரண்டுக்குத்
துண்டுகளை வெயிலில் போட்டோம்.
மைதானம் பார்க்கும் சுமணபால,
யாரும் கேட்காமலே, வெறுங்காலை வைத்தான்.
அடர்பச்சையில் மூன்று எண்ணுமுன்
"அம்மோ" என்று எடுத்தான்.
வெளிர்பச்சையில் ஒன்பது.
பாயில் நின்றபடியே பீடி பற்றவைத்தான்.

வாக்கெடுப்பில் நான் பாய்க்குக் கை தூக்கினேன்.
சிக்கனம், சூடு, பராமரிப்பு எல்லாம் சொன்னேன்.
சொல்லாதது:
நாற்பத்து மூன்று வயதில்
என் ஓஃப் பிரேக் இன்னும் திரும்புவது
கயிற்றில் மட்டும்தான்.

எட்டுக்கு ஒன்று. தோற்றேன்.
வெளிர்பச்சை லொறியில் வந்திறங்கியது.

பாய்த்துண்டைக் கொண்டுவந்து வாசலில் போட்டேன்.
எனக்கென்னவோ,
கால் துடைத்தவர்கள்
சற்றே திரும்பித்தான் உள்ளே வருகிறார்கள்.