ந.க.எண் இல்லாதது

மார்ச் கடைசி வாரம்.
கோத்தகிரி வட்டாரக் கல்வி அலுவலகத்தில்
கணினி முன்னால் நானும்
ஸ்வெட்டரைக் கழற்றலாமா என்கிற யோசனையும்.
வெளியே ஜக்கராந்தா
மேலதிகாரி யாரையும் கேட்காமல்
ஜீப்பின் கூரை முழுக்க
ஊதா முத்திரை குத்தி வைத்திருக்கிறது.

மாதச் செய்தி இன்றே போக வேண்டும்,
எழுபத்து மூன்று பள்ளிகளுக்கு.
எல்லாவற்றுக்கும் ஒரே தாள்,
'மேற்காணும் பொருள் சார்ந்து' என்று
தொண்டையைச் செருமிக்கொள்ளும் ஒரே தொடக்கம்.

பணி நிறைவு:
தலைமையாசிரியர் பெ. போஜராஜன்.
சான்றிதழ்ப்படி பிறந்தது மார்ச்சில்.
உறைபனியில் பிறந்தவன் என்று
வீட்டில் சொல்வார்களாம்.
ஒன்றாம் வகுப்பில் சேர்த்தவர்
குத்துமதிப்பாக எழுதிய ஒரு தேதி
முப்பத்து நான்கு வருடம் அவரை வேலை வாங்கிவிட்டு
திங்கட்கிழமை மாலையில்
சால்வை போர்த்தி அனுப்புகிறது.

மாறுதல்:
ஸ்டெல்லா கிளாடிஸ், இடைநிலை ஆசிரியை, கோவில்பட்டிக்கு.
ஆறு வருடம், ஆறு மனு,
'மலைக்குளிர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை.'
ஆணையைக் கையில் வாங்கியதும்
என் மேசையோரம் நின்று கேட்டார்,
அங்கே வெயில் ரொம்ப இருக்குமோ?
ஊர் அவருடையது. நான் என்ன சொல்ல.

புதிய நியமனம்:
நசீமா பர்வீன், ஆம்பூரிலிருந்து.
பஸ் நிற்கும் இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடை.
சேர்ந்த இரண்டாம் நாள் போன் வந்தது:
மேடம், கேட்டுக்கு முன்னால் காட்டெருமை நிற்குது,
தாமதத்துக்குக் காரணம் எந்தப் பத்தியில் எழுத?
'இதர' என்றேன்.
பதினெட்டு வருட சர்வீஸில் நான் கற்றது
அந்த ஒரு சொல்தான்.

சத்துணவு:
சோலூர்மட்டம் பக்கம் கரடி கதவை உடைத்ததில்
எண்ணெய் இரண்டு லிட்டர் குறைவு.
சாட்சிக் கையொப்பம் இல்லை என்று
தணிக்கையாளர் திருப்பி அனுப்பியிருக்கிறார்.
சமையலர் மாசியம்மா
கரடி மறுபடி வரும்போது வாங்கித் தருவதாகச் சொல்கிறார்.

மாணவர் எண்ணிக்கை:
கெங்கெமட்டம், இரண்டு.
அக்கா ஐந்தாம் வகுப்பு, தம்பி ஒன்று.
ஜூனில் அக்கா கீழே
நடுநிலைப் பள்ளிக்கு இறங்கிப் போவாள்.
அட்டவணையின் கட்டத்தில்
இரண்டை அழித்து ஒன்று போட
அரை நொடி ஆகாது.
ஆசிரியர் குறிப்பு, அவர் கையெழுத்திலேயே:
'பையன் சோர்ந்து போகக்கூடாதென்று
மணி அடிக்கும் பொறுப்பை
இப்போதிருந்தே அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.'
இதற்குப் படிவத்தில் இடமில்லை.
ஆனாலும் தட்டச்சு செய்தேன்.

கை ஓய்ந்தபோது
கடைசியில் ஒரு வரி தானாக வந்து விழுந்தது:
'சோலைகளில் காட்டுப்பூவரசு பூத்துவிட்டது.'

அலுவலர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்.
போஜராஜனுக்குத் தலையசைத்தார்.
கரடிக்குச் சிரிக்கவில்லை.
பூவுக்கு வந்ததும் ஒரே கோடு.
இதற்கு அரசாணை இருக்கிறதா, அம்மா?
இல்லை, சார்.

கெங்கெமட்டத்துக்குத் திரும்பிப் போனார்.
பேனா அங்கேயே நின்றது.
அடித்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.
அந்தத் தண்டவாளத் துண்டை
ஆய்வுக்குப் போனபோது பார்த்திருக்கிறேன்,
உத்திரத்தில் உயரமாகக் கட்டியிருப்பார்கள்,
அவனுக்கு எட்டுமா?

கேட்கவில்லை, சார்.
கேளுங்கள்.

மூன்று முறை போட்டேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே.
சுவரில் மணி ஒன்பதரை.
இந்நேரம் அடித்திருப்பான்,
இல்லையென்றால்
சுத்தியலும் கையுமாகக்
குதித்துக்கொண்டிருப்பான்.