நம்பாத புருவம்

தைராய்டு வந்த வருடம்
என் புருவத்தின் வால் இரண்டும் உதிர்ந்தன.
பென்சிலால் வரைந்துகொண்டு வேலைக்குப் போவேன்.
கோத்தகிரியில் குடை ஒரு பேச்சுக்குத்தான்,
மழை பக்கவாட்டில் வரும்.
டானிங்டனில் பஸ் ஏறும்போது இருந்த புருவம்
மார்க்கெட்டில் இறங்கும்போது
கன்னத்துக்கு வந்திருக்கும்.

அதனால்தான் ஷெர்லினிடம் போனேன்.
மரத்துப்போகக் களிம்பு தடவி
முடி முடியாகக் கீறி மை இறக்கினாள்.
“அழியவே அழியாதுக்கா.”
அந்த ஒரு சொல்லுக்குத்தான்
பன்னிரண்டாயிரம் கொடுத்தேன்.

பக்கு உதிர்ந்த பிறகு பார்த்தால்
ஒரு விரற்கடை மேலே ஏறி நிற்கிறது.
முதலில் காப்பி நிறம்.
அடுத்த மழைக்காலத்துக்குள்
பள்ளிக்கூடத்துப் பேனா நீலம்.

மருந்துக்கடையில் வேலை எனக்கு.
தூக்க மாத்திரைச் சீட்டை நீட்டுகிறவர்கள்
நான் ஒன்றும் கேட்காமலே
“எனக்கில்லைங்க, அம்மாவுக்கு” என்று ஆரம்பித்தார்கள்.
கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகாத பையன்
கண்ணாடி அலமாரிக்கு நீண்ட விரலை மடக்கி
இருமல் மிட்டாய் இரண்டு வாங்கிக்கொண்டு போனான்.
முதலாளி ஆல்துரைக்குப் பொறுக்கவில்லை:
“விலையைச் சொல்லிட்டு
நீயே ஏம்மா ஆச்சரியப்படறே?”

உப்பும் எலுமிச்சையும் வைத்துத் தேய்த்தேன்.
மரு உதிர்க்கும் திரவத்தை
என் கையாலேயே பில் போட்டு வாங்கித்
தொட்டு வைத்தேன்.
தோல்தான் வந்தது.
மை உள்ளே கால் நீட்டிப் படுத்திருந்தது.
ஷெர்லினுக்குப் போன் செய்தால்
அதன்மேல் தோல் நிறத்தில் இன்னொரு மை குத்தலாம் என்கிறாள்.

மார்கழியில் அரவேணுவில் ஒரு சாவு.
என்னோடு ஸ்டாக் எடுக்கும் மரியபுஷ்பத்தின் கணவர்.
மஃப்ளரை நெற்றிவரை இறக்கிக்கொண்டு போனேன்.
பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தபோது அது நழுவியது.
எல்லோர் முகமும் இறங்கியிருந்தது,
என்னுடையது மட்டும்
ஏறியே நின்றது.
பூவைப் போட்டேனா என்றுகூட நினைவில்லை,
வெளியே வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தவள்
மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டே சொன்னாள்:
“அன்னைக்கு எல்லாரும் நம்பிட்டாங்க.
நீ ஒருத்திதான் நம்பாம பார்த்துக்கிட்டு நின்னே.
எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.”
அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது என்று
எண்ணிக்கையைத் தொடர்ந்தாள்.
அது மை என்று
நான் சொல்லவில்லை.

ஆனாலும் சீட்டை எடுத்து லேசருக்குப் போனேன்.
குஞ்சப்பனை தாண்டியதும் ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்து,
மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி,
கோவையில் ஒரு மாடியில்
கண்ணுக்கு இரும்பு மூடி போட்டுப் படுத்தேன்.
எண்ணெயில் கடுகு விழுகிற சத்தம்.
பொரிகிற வாசனை என்னுடையது.
“மை எங்கே டாக்டர் போகும்?”
தூள் தூளாக உடையும், உடம்பே அள்ளிக்கொண்டு போகும்,
கொஞ்சம் நெறிகட்டுகிற இடங்களில் தங்கிவிடும்,
ஒன்றும் செய்யாது என்றார்.
அப்படியானால் அழியவில்லை,
வீடு மாறுகிறது.

ஒரு தடவைக்கு நாலாயிரம். மூன்று ஆகிவிட்டது.
அழியாததற்குக் கொடுத்த அதே பணம்
அழிப்பதற்கும் ஆயிற்று, இன்னும் முடியவில்லை.
வலது முக்கால்வாசி போய்விட்டது.
இடதுக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை.
தொப்பிக்குள் காற்று புகுந்தால்
இரண்டு இடமும் ஒன்றுபோல எரிகிறது.

நேற்று கடை மூடும் நேரம்.
பாதி ஷட்டர் இறக்கியாகிவிட்டது.
குனிந்து உள்ளே வந்த ஒரு பெண்
தூக்க மாத்திரைச் சீட்டை நீட்டினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
அது இப்போது எதுவும் கேட்பதில்லை.

அட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு
வாய் திறந்து கேட்டேன்:
“யாருக்கும்மா?”