சொத்தை

லேபிளில் கடைசியாக நிற்கும் எஸ்ஸை
விழுங்கிவிட வேண்டும்: சொத்தேர்ன்.
இந்த வேலையில் நான் விழுங்குவது
அந்த ஓர் எழுத்தை மட்டும்தான்.
மீதியெல்லாம் வாளிக்கு.

மதியம் மூன்று மணி. ஜுஃபைரில்
எங்கள் ரெஸ்டாரண்ட் திரை இறக்கிக் கிடக்கிறது.
தெருவில் நாற்பத்து நான்கு டிகிரி.
பாட்டிலுக்கு மட்டும் பத்து.

வியாழக்கிழமை மெனுவில்
இதற்குத் துணையாக எதை வைப்பது
என்று கேட்கிறார் துனீசியச் செஃப் ஹாத்தெம்.
அரை பாட்டில் முப்பத்தெட்டு தினார்.
பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையை
ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிழிவார்கள் என்று
விருந்தாளிக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.
சொத்தைக்கா இவ்வளவு சொத்து என்று
எனக்குள் ஒருவன் தமிழில் சிரித்தான்.
அந்தச் சிரிப்பை மட்டும்
இங்கே யாருக்கும் பெயர்த்துச் சொல்ல முடியவில்லை.

முதலில் லுகைமாத், பாகு சொட்டச் சொட்ட.
ஒயின் செத்துப்போனது.
தன்னைவிட இனிப்பானது பக்கத்தில் உட்கார்ந்தால்
அது வெறும் எலுமிச்சைத் தண்ணீர்.
பேரீச்சையை வைத்தோம்:
ஒரே பந்தியில் இரண்டு மாப்பிள்ளைகள்.
கருப்பு எலுமிச்சையில் வெந்த மீன்:
நாக்கில் தகரம்.
நீலம் பாய்ந்த பாலாடைக்கட்டி பொருந்தியது.
பொருந்தும் என்று எல்லாப் புத்தகத்திலும் போட்டிருக்கிறது.
ஜாதகம் பார்த்து முடித்த கல்யாணம் மாதிரி
ஒருவருக்கும் புகார் இல்லை,
ஒருவரும் இரண்டாவது துண்டு எடுக்கவில்லை.

ஒவ்வொரு வாய்க்கும் துப்பினேன்.
எட்டு வருஷமாகத் துப்புகிறேன்.
அதற்கு முந்தைய ஒரு விடியலில்
கார்னிஷ் பாறைகளுக்கு நடுவே
என் ஷூவை முதலில் கண்டுபிடித்தார்கள்,
என்னை அப்புறம்.

மரிட்டெஸ் ஷிஃப்டுக்கு வந்தாள்.
காலையில் முனை கஃபெட்டீரியாவில் வாங்கி
லாக்கரில் மறந்துபோன அலுமினிய டப்பா, பலாலீத்.
குங்குமப்பூவும் ஏலமும் சர்க்கரையும் போட்ட மஞ்சள் சேமியா,
அதன்மேல் உப்பு ஆம்லெட்,
தூங்குகிறவன் முகம்வரை இழுத்த போர்வையாக.
(வந்த புதிதில், பாயசத்துக்கு முட்டையா
என்று தட்டைத் தள்ளியவன் நான்.)
எண்ணூறு ஃபில்ஸ். ஆறிப்போயிருந்தது.

ஒரு கரண்டி. ஒரு மடக்கு.
ஒயினுக்குள் இருந்த குங்குமப்பூ
சேமியாவில் இருந்த குங்குமப்பூவைக் கண்டுகொண்டது,
ஏர்போர்ட் வாசலில், பெயரட்டை பிடிக்காமலே.
உப்பு வந்து
இனிப்பின் தோளில் கை போட்டது.

ஆனால் இந்த ஒயினின் கணக்கு வாலில் இருக்கிறது,
விழுங்கியபின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்.
வாளிக்கு அது தெரியாது.

பாத்திரம் கழுவும் தில்பகதூரைக் கூப்பிட்டேன்.
ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வந்தான்.
முதலில் சேமியா, பிறகு இது.
விழுங்கு, என்றேன்.
அவன் குரல்வளை ஏறி இறங்கியது.
என் தொண்டையும் கூடவே.

இருக்கா?
இருக்கு.
ஐஸ் மெஷின் ஒரு தடவை கொட்டி ஓய்ந்தது.
இருக்கா?
கண்ணைத் திறக்காமல்
பொறு என்று கையைக் காட்டினான்.
முப்பத்தொன்றுவரை எண்ணினேன்,
பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன்.

முப்பத்தெட்டு தினாருக்குப் பக்கத்தில்
இந்த டப்பாவை எவன் வைப்பான், என்றார் ஹாத்தெம்.
அவர் சொல்வதும் சரி.
பாலாடைக்கட்டி, அத்திப்பழம்,
போன வருஷத்து மெனுவையே அச்சுக்கு அனுப்பினார்.
டப்பாவில் மிச்சம் இருந்ததை
மரிட்டெஸ் நின்றவாக்கில் தின்று முடித்தாள்.
வாளியை நான் கழுவினேன்.

ஏழு மணிக்கு, முதல் மேஜை நிரம்பும் நேரம்,
தட்டுகளை அடுக்கிக்கொண்டு போன தில்பகதூர்
என் பக்கம் குனிந்து சொன்னான்:
சார், இன்னும் கொஞ்சம் இருக்கு.

பாட்டிலிலா, வாயிலா என்று
நான் கேட்கவில்லை.