ஆயிரம் மீட்டர்

பள்ளிக்கூடம் உடனே அகப்பட்டது.
சிவப்பு ஓடு, மஞ்சள் பஸ் மூன்று,
சுக்கு நிறத்தில் ஒரு மைதானம்.
வீட்டைத்தான் காணவில்லை.
கல்லுவிளை என்று தட்டினால்
வரைபடம் களியக்காவிளைக்குக் கூட்டிப் போகிறது.

கூட்டல் குறியை அமுக்கி அமுக்கி
ரப்பர் தோட்டத்துக்குள் இறங்குகிறேன்.
மேலிருந்து பார்த்தால் மரமே இல்லை,
சீப்பால் வாரிவிட்ட பச்சை.

சுனிலா ஸ்டூலை இழுத்துப் போட்டு
திரையில் மூக்கு முட்ட உட்காருகிறாள்.
"கொஞ்சம் மேக்க. இன்னும் மேக்க.
குருசடி தாண்டி, ஓடைக்கு இங்கன."
மேற்கே போக வேண்டுமென்றால்
ஊரைப் பிடித்துக் கிழக்கே இழுக்க வேண்டும்,
இந்தக் கைக்குறியின் நியாயம் அது.
இழுத்தேன்.
"நீலத் தார்ப்பாய்! அதுதான்! எங்க வீடு!"
கடையில் ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

வட்டம் வரையும் கருவி.
நடுவில் பள்ளி வாசல், ஆரம் ஆயிரம்.
அதற்குள் வீடு இருந்தால்
ஆஷ்னிக்கு எல்.கே.ஜி. பீஸ் இல்லை.
சிவப்புக் கோடு
கருங்கல் சந்தையை விழுங்கி,
இரண்டு சர்ச், ஒரு கோயில்,
ஒரு குளத்தில் பாதியையும் விழுங்கி
விரிந்து
சுனிலாவின் வீட்டுப் பின்சுவரில் வந்து
வயிறு நிறைந்ததுபோல் நின்றுவிட்டது.

வீடு வெளியே.
பின்னால் ஒரு பாய் அகலத்துக்கு மண் உள்ளே.
"அந்த இடத்துலதான் எங்க அடுக்களை," என்றாள்.
படத்தில் அடுக்களை இல்லை. ஒரு வாழைமூடு.
"போன சித்திரையில கெட்டினது."
படத்தின் மூலையில் தேதி: அதற்கு முந்தின மாசி.
காலப் பட்டையை வலது பக்கம் தள்ளினேன்,
முட்டி நின்றது.
அதன்பிறகு இந்த ஊரைப் பார்க்க
ஆகாயத்துக்கு ஒழியவில்லை போலும்.

"மழைன்னா முன்னறை ஒழுகும்.
பிள்ளை அடுக்களையிலதான் உறங்கும்,
கேஸ் குற்றிக்கும் அரிசி வாளிக்கும் எடையில.
எழுதுறதும் அங்க. கரண்டு மீட்டரும் அங்க."
வீட்டு நம்பர்த் தகரம் மட்டும்
முன்கதவில்.

அளவுக் கருவியை எடுத்தேன்.
முன்கதவுக்கு ஆயிரத்து நாலு.
அடுக்களைக்குத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.
"நடந்து போனா எவ்வளவு வரும்?"
கேட்டிருக்க வேண்டாம் அவள்.
குளத்தைச் சுற்றி, பேக்கரி முக்குத் திரும்பி,
வளைவுக்கு ஒரு சொடுக்காய்ப் பதினேழு சொடுக்கு:
ஆயிரத்து அறுநூற்று நாற்பது.
"அத அழிச்சிருங்க."
அழித்தேன்.
குளத்தின் மேல் நேராகப் பறக்கிற
பழைய கோட்டை மறுபடி இழுத்தேன்.
பிள்ளை பறக்குமா என்று இந்த விதியில்
யாரும் கேட்டதாய்த் தெரியவில்லை.

இனி குறி நட வேண்டும்.
கருவிக்கு ஒரு கேள்வியும் இல்லை,
கடலில் நட்டாலும் நிற்கும்.
கேள்வி எல்லாம்
தக்கலையில் ஒரு மேசைக்குப் பின்னால் இருக்கிறது.
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் வாழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
நட்டேன்.

கலர் பிரிண்ட் இருபது ரூபாய்.
வடக்கு அம்பு, அளவுகோல்,
வாழைமூட்டில் குத்தி நிற்கும் ஒரு சிவப்புத் துளி.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சொன்னாள்:
"இது மட்டி. இதுல ஒரு குலைய
கிறிஸ்மஸுக்கு வெட்டினோம்.
மீதிய மூட்டோட பேத்துட்டுத்தான் கல்லு போட்டது."
துளியில் மடிப்பு விழாமல்
தாளை நாலாக மடித்துக்கொண்டு போனாள்.

அடுத்த ஆளுக்கு வருமானச் சான்று.
ஜன்னலை மூடப் போனபோதுதான் கண்டேன்,
கோட்டை முடிக்கும் இரட்டைச் சொடுக்கை
மறந்திருக்கிறேன்.
தாளில் முடிந்ததுபோல்தான் இருந்தது.
ஒரு முனை வாழைமூட்டில்,
மறுமுனை என் கையில்
பள்ளி வாசலைத் தொட்டும் தொடாமலும்.
ஒரு கை டீ கிளாஸை எடுக்கிறது,
மறுகையில் எண் நடுங்குகிறது:
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு,
ஆயிரத்து ரெண்டு,
தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டு.